டிரைவருக்கு வைத்த சோறு

அன்று பலாமரத்தடியில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், ஜீப் ஓட்டும் சித்தப்பா இருந்தார், நான் இருந்தேன். மாமா இல்லை. அக்காவைக் கட்டியவர், பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். நாங்கள் அங்கே எதற்காக நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. இன்னும் ஒருவர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒரு மிஷினை ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரி டிரைவர். அவருக்காகத்தான் காத்திருந்தோம்.

அந்தப் பலாமரத்தடிதான் எங்கள் ஊரின் டவர். வெள்ளிமலை ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் மண்பாதையில் ஒரு மேட்டின் மேல் நிற்கிறது. வீட்டுக்குள் போன் வெறும் டார்ச் லைட். யாரோடாவது பேச வேண்டுமென்றால் இங்கே வர வேண்டும். மழை பெய்தால் குடையோடு வர வேண்டும். மெதுவாகப் பேசினால் எதிர்முனையில் கேட்காது என்பதால், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். மாமாவிடம் சொல்லாமல் அக்கா ஒரு காரியத்தை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததே பெரிது.

காரியம் இதுதான். சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கும் மிஷின் ஒன்றை அவள் வாங்கப்போகிறாள்.

சாமையை அறுத்து, அடித்து, மூட்டை கட்டுவதோடு வேலை முடிவதில்லை. உமி போகாமல் உலையில் போட முடியாது. நெல் அரைக்கிற மில்லில் போட்டால் பாதி நொறுங்கிவிடும். உரலில் குத்த வேண்டும்; இல்லையென்றால் மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக் கீழே கொண்டுபோய், சிறுதானியத்துக்கென்றே மிஷின் வைத்திருப்பவரிடம் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை முடியாவிட்டால் மறுநாளும் போக வேண்டும். அக்கா இரண்டையும் செய்தவள். குத்திக் குத்தி வலது தோள் கெட்டுப்போயிருந்தது. மழை வருவதற்கு முன் அந்தத் தோள் வலிக்கும். அவள் தோளைப் பிடித்துக்கொண்டால் அம்மா ஓடிப்போய்க் காயப்போட்ட துணியை எடுப்பாள்.

ஊரில் ஒரு மிஷின் இருந்தால் சுற்றியுள்ள நாலைந்து ஊர்ச் சாமையும் தன் வாசலுக்கு வரும் என்பது அக்காவின் கணக்கு. ஒரு கிடேரியை வளர்த்து விற்ற காசையும் மரவள்ளியில் வந்ததையும் என் வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தாள். மாமாவிடம் ஒருமுறை பேச்செடுத்திருக்கிறாள். “மிஷின் ஓட்டற வேலையெல்லாம் நமக்கு எதுக்கு? கூரைய மாத்தலாம்” என்று சொல்லிவிட்டாராம். பொங்கலுக்கு அவர் ஊருக்கு வரும்போது மிஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பார்த்த பிறகு அவர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்றாள் என்னிடம்.

“ஓடலன்னா?” என்று கேட்டேன்.

“காசு போயி, மிஷினும் ஓடலன்னா, இனிமே அந்த வூட்டுல நான் வாயத் தொறக்க முடியாதுடா. அவரு ஒண்ணும் திட்ட மாட்டாரு. ஆனா நான் எது சொன்னாலும் ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாரு, அதத் தாங்க முடியாது.”

அதனால்தான் காரியத்தை என்னிடம் விட்டாள். வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான் ஒருவன்தான். அதோடு என் வேலையும் அப்படிப்பட்டது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல் எல்லாம் விண்ணப்பித்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் இருக்கிறேன். போனில் ஏமாந்தவர்கள் முதலில் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். பழைய கட்டிலை விற்கப் போட்டவர் ஒருவர், “காசு அனுப்பறேன், இந்தக் கட்டத்த ஸ்கேன் பண்ணுங்க” என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு, ரகசிய எண்ணையும் அடித்து, கட்டில் விலையைப் போல மூன்று மடங்கை இழந்துவிட்டு வந்து நின்றார். கட்டில் வீட்டிலேயே இருக்கிறதாம். “அதுல படுத்தாத் தூக்கம் வர்ல தம்பி” என்றார். காசு வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை என்று அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்க்காத பொருளுக்கு முன்பணம் போடாதீர்கள் என்றும் சொல்வேன். நம்பித் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பழைய சாமான்களை ஆளுக்காள் விற்றுக்கொள்ளும் ஒரு பக்கத்தில்தான் அந்த மிஷினைப் பார்த்தேன். பச்சை வண்ணம் அடித்தது. எங்கள் மலையில் வருகிற வீட்டுக் கரண்டிலேயே ஓடக்கூடிய சின்ன மோட்டார். கோயமுத்தூர்ப் பக்கம் ஓர் ஊரைப் போட்டிருந்தார்கள். விலை ரொம்பக் கம்மியாக இல்லை. இருந்திருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பேன். முப்பத்தெட்டாயிரம். கொஞ்சம் பேசிக் குறைக்கலாம் என்று தோன்றும்படியான விலை.

பேசியவர் குரல் நிதானமாக இருந்தது. மில் நடத்தியவராம், மகன் வெளிநாடு போய்விட்டதால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அங்கே போகிறாராம். நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். வேறு வேறு பக்கத்திலிருந்து எடுத்த படங்கள் கேட்டேன், அனுப்பினார். எல்லாவற்றிலும் அதே தரை, அதே வெடித்த சுவர். ஓடுகிற வீடியோ கேட்டேன், அதுவும் வந்தது. முகம் பார்த்துப் பேசலாம் என்று வீடியோ கால் போட்டேன். எடுத்தார், ஒரு கூரையும் பாதி நெற்றியும் தெரிந்து நின்றுவிட்டது. “இங்க டவரே இல்லீங்க தம்பி, தோட்டத்துல இருக்கறனுங்க” என்றார். கீழ்நாட்டுக்காரன் என்றால் அதற்கு எரிச்சல்பட்டிருப்பான். பலாமரத்தடியில் ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிற எனக்கு அதைவிட நம்பக்கூடிய காரணம் உலகத்தில் இல்லை.

கடைசியாகத் துணிந்து சொன்னேன். “அட்வான்ஸ் எதுவும் போட மாட்டோம் சார். மிஷின் வந்து, எங்க சாமைய அதுல போட்டுப் பார்த்துட்டுத்தான் காசு.”

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “அதுதானுங்க தம்பி முறை. அட்வான்ஸெல்லாம் வேண்டாங்க. ஓட்டிப் பாருங்க, புடிச்சா குடுங்க. லாரி வாடக மட்டும் டிரைவருக்கு முன்னாடியே போட்டு விட்ருங்க. சேலம் போற வண்டி ஒண்ணு இருக்குது, அப்படியே உங்க மலைக்கு ஏறிட்டு வரச் சொல்றேன். ஆறாயிரம் கேக்கறானுங்க.”

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் மலைக்கு வாடகையை முன்னால் கொடுக்காமல் எந்த வண்டியும் ஏறாது. கல்யாணச் சாமானாக இருந்தாலும் சிமெண்ட் மூட்டையாக இருந்தாலும், பிரசவத்துக்கு இறங்கிப் போன பெண்ணைத் திரும்ப அழைத்து வருவதாக இருந்தாலும் கீழே கச்சிராயபாளையத்தில் காசை எண்ணிக் கையில் வைத்த பிறகுதான் டிரைவர் சாவியைப் போடுவார். பாதி வழியில் மண் சரிந்து வண்டி திரும்பினாலும் அந்தக் காசு அவருடையது. இதை நாங்கள் யாரும் அட்வான்ஸ் என்று நினைத்ததே இல்லை. பொருளுக்குக் கொடுக்கிற காசு ஒன்று, மலை ஏறுவதற்குக் கொடுக்கிற காசு வேறொன்று. அந்த ஆளுக்கு இது தெரிந்திருந்ததா, எல்லோரிடமும் சொல்வதையே எங்களிடமும் சொன்னாரா, தெரியாது. ஊரை ஏமாற்ற ஆயிரம் வாசல் வைத்திருந்தவர், நாங்கள் பூட்டே போடாத வாசலில் வந்து நின்றார்.

சித்தப்பாவிடம் கேட்டேன். பதினைந்து வருஷமாக வெள்ளிமலைக்கும் கீழேயும் ஜீப் ஓட்டுகிறவர்.

“ஆறாயிரமா? கோயமுத்தூர்ல இருந்தா?” தாடையைச் சொறிந்தார். “நியாயந்தாம்பா. நானே போனா ஜாஸ்தி கேப்பேன்.”

“முன்னாடியே கேக்கறாங்க சித்தப்பா.”

“பின்ன, மல ஏறி வந்து ‘காசு இல்ல, ரெண்டு பலாப்பழம் எடுத்துக்கினு போ’ன்னு சொன்னா அவன் இன்னா பண்ணுவான்? உங்கப்பன் என்கிட்ட அப்பிடித்தான் சொல்லிக்கினு இருக்கான்.”

அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பணம் போடும்போது திரையில் வந்த பெயர் வேறாக இருந்தது. ஏதோ வடநாட்டுப் பெயர் போலிருந்தது. கேட்டேன். “டிரைவர் அக்கவுண்டுங்க தம்பி” என்றார். சரிதானே, டிரைவருக்குப் போகிற காசு டிரைவர் பெயரில்தானே போகும். பலாமரத்தடியில் அந்த வட்டம் சுற்றிச் சுற்றி நின்று, மறுபடி சுற்றி, பச்சை டிக் விழுந்தபோது அக்கா பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் வீடே மாறிப்போயிற்று. அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகையின் ஓர் ஓரத்தை அப்பா ஒழித்து, மிஷின் ஆடாமல் நிற்க சிமெண்ட் மேடை போட்டுக் காயவைத்திருந்தார். பக்கத்து வீட்டு அத்தை தன் சாமை மூட்டையை முதலிலேயே கொண்டுவந்து அந்த மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. அக்கா ஒரு வெடைக்கோழியைப் பிடித்து அறுத்தாள்.

கோழி டிரைவருக்கு. அதுவும் எங்கள் வழக்கம்தான். வாடகை வாங்கிக்கொண்டு ஏறி வந்தவர் சாப்பிடாமல் இறங்கக் கூடாது. டிரைவர்களும் அதை எதிர்பார்த்துத்தான் வருவார்கள். மலையில் வண்டி ஏறச் சம்மதிக்கும் பாதிப் பேர் காசுக்காக வருகிறார்கள், மீதிப் பேர் கோழிக்காக வருகிறார்கள் என்பார் சித்தப்பா. “நான் எதுக்காக ஓட்டறேன்னு கேக்காதீங்க, வூட்டுல அடி வுழும்.”

உச்சி வெயில் சாய்ந்த பிறகு போன் வந்தது. முதலில் டிரைவர் என்று ஒருவன். “கச்சிராயபாளையம் தாண்டி மலை அடிவாரத்துல நிக்கறேன். ஓனர் ஏதோ சொல்லணும்ங்கறாரு, பேசுங்க.” வைத்துவிட்டான். உடனே விற்றவர் கூப்பிட்டார். குரலில் அதே நிதானம், கொஞ்சம் வருத்தம் சேர்ந்திருந்தது.

“தம்பி, எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்குதுங்க. டிரைவருக்குத்தான் பயம். மலைக்கு மேல போயி மிஷின இறக்கிட்டு, நீங்க காசு குடுக்கலைன்னா அவன் தனியாளா என்ன பண்ணுவான்? உங்க மலையப் பத்தி நாலு பேரு நாலு விதமா பேசறாங்கல்ல. பாதி மட்டும் போட்டு விட்ருங்க. இருபதாயிரம். மீதி ஓட்டிப் பார்த்துட்டுக் குடுங்க.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எல்லோரும் கேட்டோம்.

அவர் வைத்துவிட்டார். மலையைப் பற்றி நாலு பேர் பேசுவது எங்களுக்குப் புதிதில்லை. கீழே கடைக்குப் போய் எந்த ஊர் என்று சொன்னதும் ஒரு பார்வை மாறும். சாராயம், செம்மரக் கட்டை, காடு என்று எதையாவது முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள். கள்ளக்குறிச்சியில் அந்தக் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு அந்தப் பார்வை இன்னும் கொஞ்சம் நீண்டது. வாடகைக்கு அறை கேட்டுப் போன இடத்தில் நான் கல்வராயன் மலை என்று சொல்லாமல், கச்சிராயபாளையம் பக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பாதான் முதலில் பேசினார். “போட்டுடுப்பா.”

“அப்பா, ஓட்டிப் பார்த்துட்டுத்தான் காசுன்னு பேச்சு.”

“பேச்சு இருக்கட்டும். ஒருத்தன் நம்ம மலைக்கு வந்து, இவனுங்க திருடனுங்கன்னு நெனச்சிக்கினு திரும்பிப் போகக் கூடாது. போட்டுடு.”

“அடிவாரம் வரிக்கும் வந்துட்டாம்பா” என்றார் சித்தப்பா. “டீசல் போட்டு வந்துக்கிறான்.”

அம்மா, “உனுக்கு அந்த ஆளு மேல சந்தேகமாடா? எதுனா தெரிஞ்சா சொல்லேன்” என்றாள். தெரிந்தால் சொல்லியிருப்பேனே. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, அவ்வளவுதான். அதை ஒரு காரணமாக எடுத்து முன்னால் வைக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த எதிலும், உன்னையே திருடன் போலப் பார்க்கிற விற்பனைக்காரனிடம் என்ன பேசுவது என்பது இல்லை. ஏமாற்றுகிறவன் நல்லவன்போல நடிப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். நாம் நல்லவர்கள் என்று நாமே நிரூபிக்கும்படி செய்துவிட்டு ஓரமாக நிற்பான் என்று நினைத்ததில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். காசு அவளுடையது. “போடறதா, வேணாமா? நீ சொன்னா சரி” என்றாள். தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வானத்தில் மேகமே இல்லை.

நான் பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்தேன். இருபதாயிரம் என்று அடித்தேன். வட்டம் சுற்றியது. டவர் போய்விட்டது. போனைத் தூக்கிப் பிடித்தேன், மறுபடி வந்தது. அதற்குள் டிரைவர் திரும்பக் கூப்பிட்டுவிட்டான்.

“என்னங்க, வெயில்ல நிக்கறனுங்க. போட்டாச்சா?”

“இங்க குடு” என்று அக்கா போனை வாங்கினாள்.

வெயிலில் நிற்கிறேன் என்று அவன் சொன்னதுதான் அவளை அசைத்திருக்க வேண்டும். டிரைவரைச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. பின்னால் நானே கேட்டிருக்கிறேன். சமைத்து வைத்தவளுக்கு, சாப்பிட வேண்டியவர் வெயிலில் நிற்கிறார் என்பதுதான் பெரிதாகப் பட்டது.

“அண்ணே, நீங்க ஏறவே வேணாம். அங்கியே நெழல்ல நில்லுங்க. எங்க சித்தப்பா ஜீப் இருக்குது. நாங்க கீழ வரோம். காசு உங்க கையிலயே தரோம், எண்ணிப் பாத்துக்கங்க. மிஷின நாங்களே ஜீப்புல ஏத்திக்கறோம். சோறும் எடுத்துக்கினு வரோம். இன்னும் சாப்ட்டிருக்க மாட்டீங்க. கோழிக்கொழம்பு வெச்சிருக்கேன், நாட்டுக்கோழி.”

எதிர்முனையில் சத்தம் இல்லை. டவர் போய்விட்டதோ என்று அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“அதெல்லாம் வேண்டாங்க” என்றான் அவன்.

“இன்னாண்ணே வேணாம்? இதோ வந்துடுவோம்.”

“வராதீங்க. சோறெல்லாம் வேண்டாம். நீங்க போன்லயே போட்டு விடுங்க, நான் ஏறி வர்றேன்.”

“ஏறி வந்தா மட்டும் சாப்புடுவீங்களா?”

“சோறு வேண்டாம்னு சொல்றேன்ல. காசு போடுங்க.”

அக்கா போனை மெதுவாக என் கையில் கொடுத்தாள். அவன் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

“டேய்,” என்றாள், “காசு கையில தரோம்னா வேணாங்கறான். கோழிக்கொழம்பு வேணாங்கறான். மலைக்கு வர்ற டிரைவர் எவன்டா கோழிக்கொழம்ப வேணாம்னு சொல்லுவான்?”

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “என் சர்வீஸுல ஒருத்தனும் சொன்னதில்ல” என்றார்.

நான் அந்த இருபதாயிரத்தை அழித்தேன்.

ஆனாலும் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. ஒருவேளை நிஜமாகவே ஒரு டிரைவர் அங்கே நின்றால்? வயிறு சரியில்லாதவனாக இருந்தால்? அவர் சொன்னதில் தப்பில்லை. நான் முன்பே வங்கியிலிருந்து எடுத்து வைத்திருந்த பாதிக் காசையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு ஐந்து பேரும் ஜீப்பில் இறங்கினோம். வளைவுக்கு வளைவு எதிரே வந்த வண்டிகளையெல்லாம் அம்மா உற்றுப் பார்த்தாள். ஒரு மினி லாரி வந்தபோது, “பச்சை மிஷின் இருக்குதா பாரு, பச்சை மிஷின்” என்று என் கையைக் கிள்ளினாள். அதில் கோழித் தீவனம் இருந்தது.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை, இரண்டு பைக், வெயிலில் காயும் வேர்க்கடலை. லாரி இல்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டதற்குக் காலையிலிருந்து லாரியே நிற்கவில்லை என்றார். விற்றவருக்கு போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டிரைவருக்கும் அப்படித்தான். அந்த விளம்பரம் இருந்த பக்கத்தைத் திறந்தேன். கீழே டவர் நன்றாக இருந்ததால் உடனே திறந்தது. விளம்பரம் இல்லை.

ஜீப்பின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றோம். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் தூக்குவாளியைத் திறந்தாள்.

“எறங்கி வந்தாச்சு. ஆறிப்போறதுக்குள்ள சாப்புடுங்க” என்றாள்.

“டிரைவருக்கு வெச்சது” என்றார் அப்பா.

“இங்க ஒரு டிரைவர் நின்னுக்கினுதான் இருக்கேன்” என்று சித்தப்பா கையை நீட்டினார். “எனுக்கு மட்டும் வாடகைய முன்னாடி எவனும் குடுக்க மாட்டேங்கறீங்க.”

கோமுகி அணை மதகுப் பக்கமாக வண்டியை விட்டு, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல குழம்பு. அப்பா ஒரு வாய்க்கு மேல் எடுக்கவே இல்லை. கடைசியில், “இருவதாயிரத்தப் போடச் சொன்னேனே” என்றார், யாரிடமும் இல்லாமல். அக்கா அவர் இலையில் இன்னொரு துண்டு வைத்தாள்.

நான் செய்த ஒரே தாமதம் அங்கேதான். உடனே புகார் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் கள்ளக்குறிச்சியில் போய் எழுதிக் கொடுத்தபோது, அங்கிருந்த பெண் காவலர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “தெரிஞ்ச உடனே இதுக்குன்னு இருக்கற நம்பருக்கு போன் பண்ணியிருந்தா, அந்தக் கணக்குல காசு இருந்தா நிறுத்தி வெச்சிருக்க முடியும். சாப்ட்டு முடிச்சிட்டு வந்தீங்களா?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். நாங்கள் நிஜமாகவே சாப்பிட்டு முடித்துவிட்டு வந்தவர்கள். இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் அதையும் சேர்த்துச் சொல்கிறேன். காசு கொடுத்த பிறகு சந்தேகம் வந்தால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள், சாப்பிடவும் உட்காராதீர்கள், முதலில் போனை எடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அது எப்படிச் சொன்னால் விளங்கும் என்று இன்னும் தெரியவில்லை. உங்கள் ஊரில் எந்தக் காசை நீங்கள் காசாகவே எண்ணாமல் கொடுப்பீர்களோ, அதைத்தான் கேட்பான். ஒருவருக்கு அது வண்டி வாடகையாக இருக்கும். ஒருவருக்கு பார்சல் கட்டுகிற செலவு, இன்னொருவருக்குச் சாமிக்கு வைக்கிற நூற்றியொரு ரூபாய். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் எல்லாம் தெரிந்து வைத்திருந்தேன்.

மேடை காய்ந்து, சும்மாவே கிடந்தது. பக்கத்து வீட்டு அத்தை தன் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. “வரும்ல, இருக்கட்டும்” என்றாள். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்றாள் அக்கா.

மார்கழியில் திருக்கோவிலூர்ப் பக்கம் ஒருவர் இதே மாதிரி மிஷின் விற்கிறார் என்று கடைக்கு வந்தவர் மூலம் தெரிந்தது. இவர் விளம்பரமே போடவில்லை. படம் அனுப்பவும் தெரியவில்லை. நானும் அக்காவும் மடியில் பத்துப் படி சாமையோடு பஸ் ஏறினோம். மூட்டையைப் பார்த்த கண்டக்டர், “விருந்துக்கா?” என்றார். “பொண்ணு பாக்க” என்றாள் அக்கா.

மிஷின் பச்சை இல்லை, துருப்பிடித்த நீலம். அக்கா தன் சாமையைப் போட்டாள். முதல் பிடி நொறுங்கி வந்தது. விற்றவர் ஏதோ ஒரு திருகைத் திருப்பினார். அடுத்த பிடி முழுசாக வந்தது. அவளே திருப்பிப் பார்த்தாள், நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள். பத்துப் படியும் தீரும்வரை நகரவில்லை. “மீதிய ஊருல போயி ஓட்டும்மா” என்று நடுவில் அவரே சலித்துக்கொண்டார். விலை பேசி, அவர் பெயரையும் ஊரையும் ரேஷன் கார்டையும் நான் பார்த்த பிறகு காசு கைமாறியது. முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. முதல் மிஷினைவிட ஆயிரத்து ஐந்நூறு ஜாஸ்தி.

ஏற்றிப் போக அவரே ஒரு குட்டி யானை வண்டியைக் கூப்பிட்டார். டிரைவர் சின்னப் பையன். மலை என்றதும் ஒரு யோசனை யோசித்து, “ரெண்டாயிரத்து ஐந்நூறு. முன்னாடியே குடுத்துடணும்ங்க்கா” என்றான்.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் சிரித்துவிட்டாள். அவன் பயந்துபோனான்.

“பாதி இப்ப,” என்றாள். “பாதி சாப்ட்ட பொறவு.”

“சாப்பாடா? எங்க?”

“எங்க வூட்டுல.”

“கோழியாக்கா?”

“ஏறுடா வண்டியில” என்றாள். நாங்கள் இருவரும் மிஷினோடு பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டோம்.

பொங்கலுக்கு மாமா வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டுக் கொட்டகைக்குப் போனார். அத்தையின் மூட்டை முடிந்து இன்னொருவர் மூட்டை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தலையில் துண்டு கட்டி, புருவமெல்லாம் உமியாக நின்றாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே விழுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்து ஊதினார். வாயில் போட்டு மென்றார்.

“எவ்ளோ ஆச்சு?” என்றார்.

முப்பத்தொன்பதரையும் வண்டியும் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மற்றது அவருக்குத் தெரிய வழியில்லை. பலாமரத்தடியில் இருந்தவர்கள் நாங்கள்தான், ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டோம். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மோட்டாரை நிறுத்தினாள். திடீரென்று கொட்டகை அமைதியானது. எல்லாவற்றையும் சொன்னாள். விளம்பரத்தில் தொடங்கி, ஆறாயிரத்தில் நின்று, கோழிக்கொழம்பு வேண்டாம் என்றவன் வரைக்கும் சொன்னாள்.

நான் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அவர் சிரித்தார்தான். ஆனால் அது அவள் பயந்த சிரிப்பு இல்லை. கோழிக்கொழம்பு வந்த இடத்தில் வந்த சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, கூரை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அப்போ எல்லாம் சேத்து மொத்தமா இன்னா ஆச்சு?” என்றார்.

அக்கா புருவத்து உமியைத் தட்டிக்கொண்டே மோட்டாரைத் திரும்பப் போட்டாள். சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்.

“நாப்பத்தெட்டாயிரம். ரெண்டு கோழி தனி.”